செத்தவர் வைத்த கைநாட்டு

ஆடி அமாவாசை விரதம் எங்கள் பக்கத்தில் தகப்பன் இல்லாதவர்களுக்கு உரியது. விடியவே முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, மத்தியானம் காத்தோட்டிக்காய்க் கறியோடுதான் வாயில் சோறு வைப்பார்கள். தகப்பன் இருக்கிறவன் அதைப் பிடித்தால் தகப்பனுக்கே கூடாது என்பார்கள். இணுவிலில் என் பக்கத்து வளவு அண்ணை பட்ட பாடு, இது தெரிந்தால்தான் விளங்கும்.

அண்ணை பிறந்தது தென்மராட்சிக் கரையோரம், பத்துப் பன்னிரண்டு வீடுள்ள ஒரு குறிச்சியில். அவருக்கு நாலு வயதாக இருக்கையில் காய்ச்சல் வந்தது. தாய் செத்துப்போனா. தாயின் தமையன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இணுவிலுக்கு வந்தார். தகப்பன் அப்போது வன்னியில் நெல் அரிவு வெட்டப் போயிருந்தாராம். அங்கேயே அவரும் முடிந்தார் என்று யாரோ சொல்ல, அம்மான் நம்பிவிட்டார். சனம் சிதறி, குறிச்சி இருந்த இடமே பற்றைக்காடாய்ப் போயிற்று. மீசை அரும்பின நாள் முதல் அண்ணை அந்த விரதத்தை ஒரு வருசமும் விட்டதில்லை.

1930களின் கடைசியில் ஒரு ஆடி அமாவாசை, கேணிப்படியில் வைத்து ஒரு சொந்தக்காரன் வாயைக் கொடுத்தான். "பிரேதத்தைக் கண்டனியோ? கொள்ளி வைச்சனியோ? பிறகு ஆருக்கு இறைக்கிறாய்?"

அண்ணை ஈர வேட்டியோடு நேரே என்னிடம் வந்தார். நான் நல்லூரில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் அந்த உறுதிக் கட்டுகளில்தான்.

"தம்பி, என்ரை அப்பர் செத்தவரோ எண்டு ஒருக்காப் பார்."

"அண்ணை, உறுதியிலை காணிதான் கிடக்கும். ஆக்கள் கிடக்காயினம்."

"காணிக்கு எல்லை ஆரடா? ஆக்கள்தானே!"

தேடத் தொடங்கினேன். மரணப் பதிவில் தாயின் பெயர் இருந்தது, தகப்பனுடையது இல்லை. வன்னியில் செத்திருந்தால் இங்கே பதிவு இராது என்பதால் அதை நம்பவும் முடியவில்லை. பிறகு காணிப் பதிவுக் கந்தோரில் ஓய்ந்த நேரமெல்லாம் புத்தகம் புரட்டினேன். கிழக்கே இன்னாரின் காணி, மேற்கே இன்னாரின் வளவு, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் என்று வாசிக்க வாசிக்க, பற்றைக்காட்டுக்குள் வீடு வீடாக அந்தக் குறிச்சி எழும்பி வந்தது. கடைசியில், அந்தக் காய்ச்சலுக்கு எட்டு வருசம் கழித்து எழுதின ஒரு உறுதி அகப்பட்டது. நாலு குடும்பம் சேர்ந்து எழுதிக் கொடுத்தது. எல்லோரும் அப்போது பூநகரியில் குடியிருப்பவர்கள். மூன்றாவது கைநாட்டு அண்ணையின் தகப்பனுடையது. தகப்பனின் தகப்பன், அண்ணையின் பேரனார் பெயரும் பொருந்தியது.

"அண்ணை, செத்த மனிசன் எட்டு வருசத்துக்குப் பிறகு கைநாட்டு வைப்பாரோ?"

சந்தோசப்படுவார் என்று பார்த்தால், மனிசன் நிலத்தில் குந்திவிட்டார். "அப்ப இருக்கிற மனிசனுக்கோ இத்தனை வருசமாய் எள்ளுத்தண்ணி இறைச்சனான்? நானே இறைச்சு இறைச்சு ஆளை அனுப்பிப்போட்டனோ?"

அண்ணையின் மனைவி உள்ளேயிருந்து சத்தம் போட்டா. "உதிலை இருந்து அழுதால் தெரியுமே? எழும்பி வெளிக்கிடுங்கோ!"

கேரதீவுத் துறையில் தோணி ஏறினோம். பூநகரியில் முதலில் விசாரித்த மனிசியே, "அந்தக் கிழவனோ? உவர்தான்" என்று ஒரு வைக்கோல் போரைக் காட்டினா. போருக்குப் பக்கத்தில், கன்றுக்குட்டியோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டு, அண்ணையின் அதே மூக்கோடு ஒரு கிழவர் நின்றார்.

அண்ணை காலில் விழுந்து, யாரென்று சொல்லி, அந்த மூச்சிலேயே விரதக் கதையையும் கொட்டிவிட்டார். கிழவர் அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"தாயும் பிள்ளையும் ரெண்டும் செத்துப்போச்சினம் எண்டெல்லோ எனக்குச் சொன்னவங்கள்." கொஞ்ச நேரம் விம்மினார். பிறகு, "வருசா வருசம் இறைச்சனியோ?"

"ஓம் அப்பு. பிழை விட்டிட்டன்."

"அதுதான் பாத்தன், இவ்வளவு காலமும் எனக்குத் தாகமே எடுக்கேல்லை!"

அண்ணை அழுதபடியே சிரித்தார். அவர் நெஞ்சிலிருந்து ஒரு நெல்லு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எனக்கும்தான்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு விடியப்புறம் ஊர்ச்சனம் முழுகப் போகையில், அண்ணை வாசல் படலையடியில் நின்று பழஞ்சோற்றுக் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அந்தச் சொந்தக்காரன் நின்று பார்த்தான்.

"என்னடாப்பா, இண்டைக்கும் விழுங்கிறாய்? அப்பரை மறந்துபோனியோ?"

"மறக்கேல்லை," என்றார் அண்ணை, வாய் நிறையச் சோற்றோடு. "கிணத்தடியிலை பல்லுத் தீட்டுறார்."