முக்குளிப்பானும் இரண்டு டாக்டர்களும்

நகராட்சி நீச்சல் குளத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. முக்குளிப்பான் என்றால் உடனே கையைக் காட்டுவார்கள். ஏரியில் ஓரிடத்தில் முங்கி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தை விட்டு வேறெங்கோ எழும்புமே ஒரு சின்னப் பறவை, அதன் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். காலையில் கதவு திறப்பதற்கு முன்னால், ஆழமான பக்கத்தின் அடியில் இருக்கும் வடிகால் சல்லடையைச் சுத்தம் செய்ய அவர் மூச்சடக்கி இறங்குவார். கொண்டை ஊசி, காயத்தில் ஒட்டிய பிளாஸ்திரி, ஒற்றைத் தோடு என்று எதையாவது பொறுக்கிக்கொண்டு மேலே வருவார். ஒருமுறை ஒரு செட் பொய்ப்பல்லே கிடைத்தது. அதைக் கண்ணாடி டம்ளரில் போட்டு டிக்கெட் ஜன்னலில் வைத்தார்கள். உரிமைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள்தான் பிற்பாடு அவருடைய மனைவியானாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்ணீருக்குள் போன மனிதர் திரும்பவில்லையே என்று பதறி ஒருநாள் குளத்தோரம் ஓடி வந்திருக்கிறாள். அவர் எதிர்க்கரை ஏணியைப் பிடித்தபடி தலையை நீட்டி, "டிக்கெட் வாங்காம உள்ள வரக்கூடாதும்மா" என்றாராம். அந்தக் கோபம் அவளுக்குக் கடைசிவரை தீரவில்லை. மகள் பிறந்த பிறகும் யாராவது வீட்டுக்கு வந்தால் அதைச் சொல்லித்தான் அவரை வைவாள்.

ஓய்வு பெற்ற மறு வருடம் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கான கட்டத்தைத் தாண்டிவிட்டது. கீமோ கொடுத்தால் கொஞ்ச காலம் கட்டிப்போட்டு வைக்கலாம் என்றார் புற்றுநோய் மருத்துவர். நல்ல உயரம், எப்போதும் ஏதோ பேருந்தைப் பிடிக்கப் போகிறவர் போன்ற அவசரம். வீட்டில் அவரைப் பெரிய டாக்டர் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

முதல் முறை கீமோ ஏறியபோது, பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். அவருக்கும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. நீலத் திரைகள், குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து, கூரையில் நெளிந்துகொண்டிருந்த வெளிச்சம். பழைய குளத்தின் அடியிலிருந்து மேலே பார்ப்பதுபோல இருந்தது முக்குளிப்பானுக்கு. அந்த நேரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு மேல் பழுப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண் டாக்டர் ஒவ்வொரு நாற்காலியாக நின்று பேசிக்கொண்டு வந்தார்.

கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மாகிட்ட மட்டும் வாயக் குடுக்காதீங்க."

"ஏன்?"

"வலி டாக்டர். அவங்க கைக்கு நம்மள மாத்தி விட்டாங்கன்னா, கீமோ குடுக்கற டாக்டரு அதோட நம்மளத் தலைமுழுகிட்டாருன்னு அர்த்தம். என் மச்சானுக்கு இன்னொரு ஆஸ்பத்திரில அப்படித்தான் ஆச்சு. ஏறின பஸ்ஸிலேருந்து பாதி வழியில எறக்கி விட்ட மாதிரி."

சால்வைக்காரம்மா வந்து நின்று, "எப்படி இருக்கீங்க ஐயா, வலி எதுவும் இருக்கா?" என்றபோது, முக்குளிப்பான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்."

அப்போது அவருடைய முதுகுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டிருந்தது.

வலியை மறைப்பது அவருக்குப் பெரிய வித்தையாக இல்லை. அது வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். காலமெல்லாம் செய்த வேலைதானே. அடியில் இருப்பது குளிர்ந்த சல்லடை என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே உள்ளே இறங்கிவிடுவார். சுற்றிலும் சத்தமெல்லாம் மங்கும். அதுவாக விட்டுப் போனதும் மேலே வருவார். எதிரில் இருப்பவர்களுக்கு ஏதோ யோசிக்கிறார் என்று தோன்றும்.

மனைவிக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தெரியும். ஆனால் கண்டக்டர் சொன்னதை அவர் அவளிடமும் சொல்லியிருந்தார். அதனால் அவளும் கூட்டுச் சேர்ந்துகொண்டாள். வீட்டில் வலி என்ற சொல்லையே எடுப்பதில்லை. "முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்பாள். "லேசா" என்பார். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கொடுப்பாள். படுத்தால் தாங்காது என்பதால், சாப்பாட்டு மேசைமேல் தலையணை போட்டு, அதில் கவிழ்ந்தபடியே அவர் கண்ணயர்வார். தட்டு எதிரில் ஆறிக்கொண்டிருக்கும். பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து எதையோ மூடி மறைக்கறீங்க" என்றாள் மகள்.

"உங்கப்பா அழகைத்தான் மறைக்கறேன். கண்ணு பட்டுடும்" என்றாள் மனைவி.

இரண்டு சுற்று முடிந்து மூன்றாவதற்குப் போனபோது, பெரிய டாக்டர் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த உடம்புக்கு இப்ப மருந்து ஏத்த முடியாது. தள்ளித்தான் போடணும். இப்படியே எளச்சுக்கிட்டுப் போனா நிறுத்தவே வேண்டி வரும்." பிறகு பக்கத்துக் கதவைத் திறந்து, "கொஞ்சம் வாங்களேன்" என்றார்.

உள்ளே வந்தது சால்வைக்காரம்மா.

முடிந்தது என்று நினைத்தார் முக்குளிப்பான். மனைவி அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் பெரிய டாக்டர் எழுந்து போகவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். சால்வைக்காரம்மா அதில் உட்கார்ந்தார். அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம் என்று இவர்களுக்குத் தெரியாது. புற்றுநோய்ப் பிரிவும் வலிப் பிரிவும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே நோயாளியைப் பார்க்கும்.

"நீச்சல் குளத்துல வேலை பார்த்தீங்களாமே" என்றார் அம்மா. "காலையில தொறக்கறதுக்கு முன்னாடி என்னல்லாம் செய்வீங்க? சொல்லுங்க, கேக்கறேன்."

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அவரும் ஆரம்பித்தார். சாவிக்கொத்து, மோட்டார் அறை, இரவெல்லாம் அசையாமல் கிடந்த தண்ணீரின்மேல் முதல் வெளிச்சம் விழும் விதம், நீண்ட கம்பில் கட்டிய வலையால் இலைகளை அரிப்பது. சொல்லச் சொல்ல அவருக்கே ஆசையாகிவிட்டது. குளோரின் வாசனை மூக்குக்கு வந்தது. ஈரத் தரையில் தன் செருப்புச் சத்தம் கேட்டது. பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். மறுபடி நிறுத்தினார்.

"இப்ப மூச்சை அடக்கினீங்க" என்றார் அம்மா மெதுவாக.

"இல்லையே."

"பேசறவங்க மூச்சு வாங்கத்தான் நிறுத்துவாங்க. நீங்க மூச்சை நிறுத்தறீங்க. எங்க வலிக்குது ஐயா?"

அவர் பெரிய டாக்டரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சையில் அடுத்தவனுக்கு விடையைக் காட்டமாட்டேன் என்பதுபோல. அறையில் எங்கோ ஏசி முனகிக்கொண்டிருந்தது. அப்போது மனைவி உடைந்துபோனாள்.

"முதுகுதாங்க. வயித்துலேருந்து முதுகுக்கு. படுக்கறதே இல்ல இந்த மனுஷன். மேசைமேல கவுந்து கெடக்கறாரு. சொன்னா பெரிய டாக்டர் கைகழுவி விட்டுடுவாருன்னு..."

"நானா?" என்று திரும்பினார் பெரிய டாக்டர். "நான் எதுக்குய்யா கைகழுவறேன்? வலியில தூக்கம் போச்சு. தூக்கம் போயி சாப்பாடு போச்சு. சாப்பாடு போயி என் மருந்தைத் தாங்கற தெம்பு போச்சு. இவங்க உங்களத் தூங்க வச்சாத்தான் நான் மருந்தே ஏத்த முடியும். நீங்க என்னடான்னா என்னைப் பிடிச்சு வச்சுக்கணும்னு இவங்கள வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கீங்க!"

"திட்டாதீங்க" என்றார் அம்மா.

"திட்டல. என் குரலே அப்படித்தான்."

முக்குளிப்பானுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. "வலிக்குதும்மா" என்றார். சொல்லி முடித்ததும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

மார்ஃபின் ஒரு சின்னப் புட்டியில் வந்தது. கசப்பு மருந்து. முதல் சில நாள் அரைத் தூக்கத்திலேயே கிடந்தார். பிறகு ஒரு பிற்பகலில், எத்தனையோ நாளைக்குப் பின் கட்டிலில் நீட்டிப் படுத்தார். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. கட்டில் மெல்ல மிதந்து வீட்டைவிட்டு வெளியே போவதுபோலவும், தெருவில் பால் வண்டிக்காரர் சைக்கிளை ஒதுக்கி வழி விடுவதுபோலவும், மாடியிலிருந்து துணி உலர்த்தும் பெண் எட்டிப் பார்த்து ஏதோ கேட்பதுபோலவும் இருந்தது. விழித்தபோது வெயில் சுவரைவிட்டு இறங்கியிருந்தது. காலடியில் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டு வந்தீங்க?"

"சும்மா, தெரு முனை வரைக்கும்."

"போனவரு ரொட்டி வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள். அன்று இரண்டு ரொட்டி தின்றார்.

மூன்றாவது சுற்று ஏறியது. அதற்கடுத்ததும். இடையில் மலச்சிக்கல் வந்து, அதற்கு ஒரு மருந்து வந்தது. வாந்தி வந்து, இரண்டு டாக்டர்களும் அவர் எதிரிலேயே ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, கடைசியில் ஒரு மாத்திரையை நிறுத்தினார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரி சார்பில் ஒரு பெண் வந்து, சிகிச்சை திருப்தியாக இருக்கிறதா என்று விசாரித்தாள்.

"இந்த நாற்காலி திருப்தியே இல்லம்மா" என்றார். "உக்காந்தா எழுந்திரிக்க முடியல, எழுந்தா உக்கார முடியல. ஓயாம கத்தற அந்த டிவியையும் எவனாவது தண்ணில போட்டாத் தேவல."

"டாக்டருங்க?"

"ரெண்டு பேரும் என்னை வச்சுக்கிட்டே சண்டை போடறாங்க. தனியாப் போயி பேசிட்டு வந்து, முடிவை மட்டும் சொல்லல. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

கண்டக்டர் காதில் அது விழுந்தது. அடுத்த முறை சால்வைக்காரம்மா வந்து நின்றபோது, கண்டக்டர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்ததை முக்குளிப்பான் ஓரக்கண்ணால் பார்த்தார்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஸ்கேன் வந்தது. மருந்துக்கு நோய் அடங்கவில்லை. ஈரலுக்கும் போயிருந்தது. பெரிய டாக்டர் படத்தை விளக்கிவிட்டு, இனிமேல் கீமோ நன்மையைவிடக் கெடுதல்தான் செய்யும், நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். முக்குளிப்பான் சரி என்றார். ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். இருபுறமும் ஈரத் தெரு கண்ணாடிபோல ஓடியது. கடைகளின் விளக்குகள் தலைகீழாக அதில் ஆடின.

"அடுத்த வாரம் அந்தம்மா மட்டும்தான் இருப்பாங்க, பாரு" என்றார் முக்குளிப்பான். "அவரைத் தப்பு சொல்ல முடியாது. அவருகிட்ட குடுக்க மருந்து இல்லையே."

"வந்தா வராரு, வராட்டிப் போறாரு" என்றாள் மனைவி. ஆனால் அந்த வாரம் முழுவதும் அவளுக்கு எதுவும் கையில் நிற்கவில்லை. ஒரு கோப்பையை உடைத்தாள். பாலைப் பொங்க விட்டாள்.

அடுத்த வாரம் அறையில் சால்வைக்காரம்மா மட்டும்தான் இருந்தார். பெரிய டாக்டரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அம்மா முக்குளிப்பானைக் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். வீட்டுக்கே நர்ஸ் வந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். கண் மட்டும் கதவிலேயே இருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் வந்திருந்தார். மனைவிதான் கேட்டாள்.

"பெரிய டாக்டரு..."

கதவு தோளால் தள்ளப்பட்டுத் திறந்தது. ஒரு கையில் தேநீரும் இன்னொரு கையில் பாதி தின்ற பிஸ்கட்டுமாக அவர் உள்ளே வந்தார். "வார்டுல மாட்டிக்கிட்டேன். என்ன, ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றபடி தன் நாற்காலியில் விழுந்தார்.

முக்குளிப்பான் படுத்தபடியே கேட்டார். "மருந்துதான் நிறுத்தியாச்சே டாக்டர். இன்னும் எதுக்கு வரீங்க?"

"மருந்தைத்தானே நிறுத்தினேன்?" என்றார் அவர். பிஸ்கட் வாயில் இருந்ததால் அது சரியாகக் கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, "நாலு சுத்து ஏத்தியிருக்கேன் உங்களுக்கு. எப்படி இருக்கீங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, மருந்தின் அளவை எதற்காகக் கூட்டினீர்கள், ஈரல் தாங்குமா என்று ஆரம்பித்தார். தாங்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அம்மா. எப்படித் தாங்கும் என்றார் அவர்.

முக்குளிப்பான் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு குரல்களும் தலைக்குமேல் போய்வந்துகொண்டிருந்தன. ஒன்று கரகரவென்று, ஒன்று மெல்லிசாக. வார்த்தைகள் கரைந்து வெறும் ஓசையாகின. அவருடைய கால் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ ஏறி வந்தது. போர்வையை மனைவி இழுத்து விட்டிருக்க வேண்டும்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க டாக்டர்" என்று அவள் அதட்டுவது கேட்டது, டிக்கெட் ஜன்னலில் வரிசையை ஒழுங்குபடுத்திய அதே குரலில். "தூங்கறாரு."

அவர் தூங்கவில்லை. டாக்டர்கள் இருவரும் சட்டென்று குரலைத் தாழ்த்தியது தெரிந்தது. எழுந்து போய்விடுவார்கள் என்று காத்திருந்தார். நாற்காலிகள் நகரும் சத்தம் வரவில்லை. கரகரக் குரல், இப்போது ரகசியம் போல, ஈரலைப் பற்றியே மறுபடி கேட்டது.

அதன் பிறகுதான் அவர் தூங்கினார்.