பாட்டில் இல்லாத விருந்தாளி

அந்த மேசையில் உட்கார ஒரே ஒரு நிபந்தனைதான். சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் போட்டு, வருஷக்கணக்கில் இருட்டில் கிடந்த சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் கையில் இருக்க வேண்டும். நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறு, பெரியவர் பாத்திஸ்தாவின் வீட்டில் ஒன்பது குடும்பத்தார் கூடுகிற மதிய விருந்து அது. குன்றில் நிலம் வைத்திருந்த எல்லோரும் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் பாட்டிலைக் குலுங்காமல் அணைத்துக்கொண்டு வருவார்கள். ஃபெருச்சோ மட்டும் இருபத்தேழு வருஷமாகக் கையை வீசிக்கொண்டு வந்தான். அவன் கொண்டுவந்தது மூக்கு.

நிலம் அவனுக்குக் கிடையாது. அப்பா இன்னொருவர் சரிவில் பாதி விளைச்சலுக்கு உழைத்தவர். நிலத்துக்காரர் போ என்றால் கட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த குன்றுக்குப் போன குடும்பம். ஃபெருச்சோ இருபத்திரண்டு வயதில் கூட்டுறவு ஒயின் சாலையின் எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தான். அறுவடைக் காலத்தில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். அவன் ஒவ்வொரு கூடையாகக் குனிந்து மோந்துகொண்டே போவான். "மேலே சரிதான். அடியில பூஞ்சை. கவுத்துக் காட்டு" என்பான். கவிழ்த்தால் அடியில் பூஞ்சை இருக்கும். ஒரு தடவை ஊர்த் தலைவரின் மைத்துனன் கொண்டுவந்த முழு வண்டியையும் திருப்பி அனுப்பினான். அன்று சாயங்காலமே பாத்திஸ்தா அவனை விருந்துக்குக் கூப்பிட்டார்.

"பாட்டில் இல்லையே மாமா" என்றான் ஃபெருச்சோ.

"அதனாலதான்டா கூப்பிடறேன். பாட்டில் வச்சிருக்கிறவன் எவனும் அடுத்தவன் பாட்டிலைப் பத்தி உண்மை பேச மாட்டான்."

அன்றிலிருந்து அதுதான் முறை. பாட்டில்காரர் காலையிலேயே தக்கையைத் திறந்து வைப்பார். சாப்பாட்டுக்கு நடுவில் அதன் முறை வரும்போது முதல் இரண்டு விரற்கடை ஃபெருச்சோவின் கோப்பைக்குப் போகும். அவன் வாய் திறக்கும்வரை யாரும் கோப்பையைத் தொட மாட்டார்கள். "குடிக்கலாம்" என்றால் குடிப்பார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்றால் காத்திருப்பார்கள். "தக்கை" என்றால் முடிந்தது கதை. பழைய தக்கையில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் ஏறிவிட்டால் ஒயினைக் காப்பாற்ற முடியாது. அந்தப் பாட்டில் நேராகச் சமையலறைக்கு, வினிகர் பீப்பாய்க்குப் போகும். முப்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆள்கூட ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஒரு விஷயம் ஃபெருச்சோவுக்கு மட்டும் தெரியும். அவன் "தக்கை" என்று சொன்ன அடுத்த நிமிஷம் மேசையில் எல்லோர் மூக்குக்கும் அந்த நாற்றம் அடிக்கும். மிக லேசாக இருந்தாலும் அடிக்கும். அது அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

விருந்துக்குச் சமைப்பவள் அவன் மனைவி நீவேஸ். சந்தைத் தெரு உணவகத்தில் சமையற்காரி, ஐம்பத்தாறு வயது. இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாத்திஸ்தா வீட்டு அடுப்பு அவள் கையில்.

அந்த மேசையில் ஃபெருச்சோவுக்கு ஆகாத ஆள் ஒருவன்தான். எவாஸியோ. பனி விழுந்தால் ஊரிலேயே முதலில் உருகுகிற, திராட்சைக்கு நல்ல வெயில் கிடைக்கிற சரிவு எவாஸியோவுடையது. அறுபத்து நாலு வயதிலும் தலைமுடி ஒன்று கொட்டவில்லை. மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. சட்டை மட்டும் இன்னும் யாரோ தேய்த்துக் கொடுத்ததுபோல் மடிப்புக் கலையாமல் இருக்கும். யார் தேய்க்கிறார்கள் என்று ஃபெருச்சோ பல நாள் யோசித்திருக்கிறான்.

காரணம் சட்டை அல்ல. எண்பத்திரண்டாம் வருஷம், அறுவடை. நீவேஸ் அப்போது மலைப்பக்க ஊரிலிருந்து திராட்சை பறிக்க வந்த பத்தொன்பது வயதுப் பெண். ஃபெருச்சோ டிராக்டரில் சாலையோடு போனவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். கொடிகளுக்கு நடுவே, கவிழ்த்த கூடைமேல் அவள் உட்கார்ந்திருந்தாள். எவாஸியோ முன்னால் மண்டிபோட்டு அவள் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்திருந்தான். டிராக்டர் வளைவு திரும்பும்வரை வைத்திருந்தான். மூன்று வருஷம் கழித்து நீவேஸ் கல்யாணம் பண்ணிக்கொண்டது ஃபெருச்சோவைத்தான். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, தூரத்து நகரங்களுக்கு அனுப்பியும் ஆயிற்று. அந்தக் கையைப் பற்றி அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

இந்த வருஷ விருந்து நன்றாகத்தான் தொடங்கியது. கொத்திய பச்சை மாட்டிறைச்சிமேல் பாத்திஸ்தா கிழங்குக் காளானை இலை இலையாகச் சீவிப் போட்டார். மஞ்சள் கருவில் பிசைந்த மெல்லிய நூடுல்ஸோடு இரண்டாயிரத்தொன்றாம் வருஷத்து ஒயின். இறைச்சியை மாவில் மடித்த விரல் நுனி அளவுப் பொட்டலங்களோடு எண்பத்தொன்பது. இரண்டுக்கும் ஃபெருச்சோ "குடிக்கலாம்" என்றான். வெளியே மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது. பிறகு ஒயினில் ஒரு ராத்திரி ஊறி நாலு மணி நேரம் வெந்த மாட்டிறைச்சி வந்தது. எவாஸியோ எழுந்தான்.

"எண்பத்திரண்டு. அப்பா போட்டது. இதான் கடைசி பாட்டில்" என்றான். சமையலறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். "நீவேஸ்! அந்த வருஷம் நீயும் எங்ககிட்டதானே பறிச்சே? வா, வந்து ஒரு வாய் குடி!"

"கையில வேலை இருக்கு!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"அட, அப்போ நீவேஸ் கை பட்ட சரக்கா இது!" என்றார் பாத்திஸ்தா. "ஃபெருச்சோ, பத்தொன்பது வயசு நீவேஸைக் குடிக்கப் போறேடா, பார்த்து!"

மேசை முழுக்கச் சிரித்தது. ஃபெருச்சோவும் பல்லைக் காட்டினான்.

கோப்பையை எடுத்து மோந்தான். காய்ந்த ரோஜா. வெயிலில் இளகிய தார். ஆரஞ்சுத் தோல். அதற்கும் அடியில், மழைக்குப் பிறகு கொடிகளுக்கு நடுவே நடந்தால் வருகிற மண். அவன் குற்றம் தேடினான். எடைமேடையில் கூடைக் கூடையாகக் குடைந்த மூக்கு கோப்பையின் ஒவ்வொரு மூலையையும் குடைந்தது. ஒன்றும் இல்லை. வாழ்நாளில் இப்படி ஒன்றை அவன் மோந்ததில்லை. முப்பத்து நாலு வருஷம் அவன் பக்கத்தில் படுத்த பெண்ணின் ஒரு புரட்டாசியை இந்த ஆள் நிலவறையில் பூட்டி வைத்திருந்திருக்கிறான். இப்போது திறந்து எல்லோருக்கும் ஊற்றுகிறான்.

"தக்கை" என்றான்.

எவாஸியோவின் முகம் சுருங்கியது. தன் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி மோந்தான். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தான்.

"ஆமாம்பா" என்றான் மெதுவாக. "முதல்ல எனக்குத் தெரியலை. நீ சொன்னப்புறம் நல்லாவே அடிக்குது."

எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஃபெருச்சோவுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

தட்டெடுக்க வந்த நீவேஸ் பாட்டிலையும் எடுத்துப் போனாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். ஒரு கையில் அதே பாட்டில், மறு கையில் ஒரு கோப்பை.

"இதைத் தக்கைன்னு சொன்னது யாரு?"

"வேற யாரு, உன் வீட்டுக்காரன்தான்" என்றார் பாத்திஸ்தா.

"ருசி பார்க்காம நான் எதையும் எதுலயும் ஊத்தறதில்ல" என்று சொல்லி, கோப்பையைப் புருஷன் முன்னால் வைத்தாள். "இன்னொரு தடவை மோந்து பாரு."

நல்ல ஒயின் என்று அவள் சொல்லவில்லை. அதை அவன் வாயால் சொல்ல விட்டாள்.

வேறு குறையாக இருந்தால் தப்பித்திருப்பான். மூடிக் கிடந்த வாடை, பீப்பாய் வாடை எல்லாம் காற்றுப்பட்டால் கலைந்துவிடும். "இப்போ சரியாயிடுச்சு" என்று சொல்லிவிடலாம். தக்கை நாற்றம் மட்டும் நேரம் ஆக ஆக ஏறத்தான் செய்யும். அது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"விடு நீவேஸ்" என்றான் எவாஸியோ. "அவன் மூக்கு தப்பாது. நானும்தான் மோந்தேனே."

ஃபெருச்சோ கோப்பையைத் தொடவே இல்லை.

"தக்கை இல்ல" என்றான்.

"அப்புறம்?" என்றார் பாத்திஸ்தா.

"இவன் அவ கையைப் பிடிச்சிட்டிருந்தான். எண்பத்திரண்டுல. ரோட்டுலேர்ந்து பார்த்தேன்."

நீவேஸ் இடுப்பில் கை வைத்து அவனையே பார்த்தாள்.

"குளவி, மனுஷா! குளவி கொட்டிச்சு! கை பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போச்சு. இவன் ஏதோ இலையைக் கசக்கித் தேய்ச்சான். முப்பத்தேழு வருஷமா இதையா வயித்துல கட்டிக்கிட்டு இருக்கே?"

மேசை வெடித்துச் சிரித்தது. ஒருவருக்குப் புரையேறியது.

"குளவிக்கு அவ்வளவு நேரமா?" என்றான் ஃபெருச்சோ. அது இன்னும் பெரிய சிரிப்பைக் கிளப்பியது.

எவாஸியோ மட்டும் நெற்றியைத் தடவினான். "குளவியா? எனக்குச் சுத்தமா ஞாபகமே இல்லையே."

நீவேஸின் சிரிப்பு சட்டென்று ஒரு சுற்றுக் குறைந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. ஃபெருச்சோ கவனித்தான்.

முதலில் சிரிப்பை நிறுத்தியவர் பாத்திஸ்தா.

"இருடா. அப்போ என்னோட எழுபத்தெட்டு? தக்கைன்னு சொல்லி வினிகர்ல ஊத்த வச்சியே?"

"அது நிஜமாவே தக்கை, மாமா."

"இதையும் அப்படித்தான் சொன்னே."

"எங்க அண்ணன் கல்யாண வருஷத்துப் பாட்டில்?" என்றது மேசைக் கோடியிலிருந்து ஒரு குரல். "எங்க அத்தையோடது?" என்றது இன்னொன்று. இருபத்தேழு வருஷத்து வினிகர் பீப்பாய் மொத்தமும் எழுந்து வந்து அவன் முன்னால் நின்றது. ஒவ்வொன்றுக்கும் அவன் "நிஜமாவே, நிஜமாவே" என்றான். சொல்லச் சொல்ல அந்த வார்த்தை அவனுக்கே நம்பும்படியாக இல்லை.

எண்பத்திரண்டை எல்லோருக்கும் ஊற்றினார்கள். குடித்தவர்கள் கோப்பையை மறுபடி மறுபடி மோந்தார்கள். நீவேஸ் அவன் தொடாத கோப்பையை எடுத்து நின்றபடியே மோந்தாள், கண்ணை மூடிக் குடித்தாள், அடியில் கிடந்த கசடுவரை குடித்தாள். ஃபெருச்சோ அவள் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கோப்பைக்கு வந்தபோது பாட்டிலில் சொட்டுத்தான் மிச்சம்.

பிறகு பாலாடைக்கட்டி வந்தது. பாத்திஸ்தாவின் எழுபத்தொன்றும் வந்தது. பழக்கதோஷத்தில் ஒன்பது பேரும் கையை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள். பாத்திஸ்தா இரண்டு விரற்கடை ஊற்றினார். கோப்பையை ஃபெருச்சோ பக்கம் நகர்த்தப் போனவர் பாதி வழியில் நிறுத்தினார்.

"தப்பா நினைக்காதே" என்றார். "உன்கிட்ட பாட்டில் இல்லைன்னுதான் இத்தனை வருஷம் நம்பினோம். இப்போ உன்கிட்டயும் ஏதோ ஒண்ணு இருக்குன்னு ஆயிடுச்சே. அடுத்த வருஷம் வர்றதா இருந்தா எல்லாரையும் மாதிரி ஒரு பாட்டிலோட வா." கோப்பையை மேசையின் குறுக்கே தள்ளினார். "நீவேஸ், நீ மோந்து சொல்லும்மா."

"ஐயோ, அடுப்புல முட்டைக் கிரீம் இருக்கு. கை விட்டா திரிஞ்சுடும்."

"உன் வீட்டுக்காரன் சும்மாதானே இருக்கான்?"

நீவேஸ் ஃபெருச்சோவைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. ஏப்ரனைக் கழற்றி அவன் தோளில் போட்டாள். "நிறுத்தாம அடி. கொதிக்க விடாதே" என்று சொல்லி அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது எவாஸியோவுக்குப் பக்கத்து நாற்காலி.

சமையலறையில், கொதிக்கும் தண்ணீர்மேல் செம்புச் சட்டி. மஞ்சள் கருவும் சர்க்கரையும் இனிப்பு ஒயினும் அப்போதுதான் நுரைக்கத் தொடங்கியிருந்தன. ஃபெருச்சோ அடித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி. மோந்துகொண்டிருக்கிறாள். தான் ஒரு நாளும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை என்று தோன்றியது.

"என்ன தெரியுது? சொல்லு, சொல்லு" என்றது எவாஸியோவின் குரல்.

அவள் ஏதோ சொன்னாள். தாழ்ந்த குரல். பிறகு இருவரில் யாரோ சிரித்தார்கள், அல்லது இருவரும். பாத்திஸ்தா "அப்படிச் சொல்லு!" என்று மேசையைத் தட்டினார். கோப்பைகள் மோதின.

என்ன சொன்னாள்? குடிக்கலாம் என்றா? அதற்கு எதற்குச் சிரிப்பு?

இரண்டே எட்டு வைத்தால் கதவிடுக்கில் பார்த்துவிடலாம். சட்டியில் கிரீம் கெட்டியாகிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு நேரம் கை நின்றாலும் கட்டி தட்டிவிடும், அதையும் எல்லோரும் ருசி பார்ப்பார்கள். ஃபெருச்சோ வலது கையால் அடிப்பதை நிறுத்தாமல், கழுத்தை மட்டும் கதவுப் பக்கமாக எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினான்.