பாசிக் குளத்துக்குள் மாட்டிக்கொண்டேன்

இலங்கை மலையகத்தில், எல்ல என்ற ஊரில் நான் வேலை செய்யும் விடுதியின் நீச்சல் குளம் கவனிப்பாரின்றிப் பாசி பிடித்துக் கிடந்தது. தண்ணீரை வடியவிட்டு, குழாயைத் திறந்துவைத்துத் தேய்த்தபோது வழுக்கி, ஆழமான பக்கத்தில் போய் விழுந்தேன்.

பாசி படிந்த சரிவில் ஏற ஏறச் சறுக்கியது. சுவரோ தலைக்கு மேல். தேய்த்த பாசி வடிகாலை அடைத்துக்கொள்ள, தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. நீந்தத் தெரியாத நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

தேயிலைக் கொழுந்து பறித்துத் திரும்பிய பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "அசையாதடி, அங்கேயே நில்லு!" என்ற, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான பக்கத்து லயத்து மாரியாயி, ஓடிப்போய்க் குழாயை மூடினாள். பிறகு எல்லோரும் இடுப்பில் கட்டியிருந்த சாக்குகளை அவிழ்த்து, ஆழமில்லாத பக்கத்திலிருந்து சரிவில் வரிசையாக விரித்தார்கள். அவற்றின்மேல் தவழ்ந்து வெளியே வந்தேன்.

இப்போதெல்லாம் சாக்கு விரிக்காமல் குளத்தில் இறங்குவதில்லை.

"அழுக்குச் சாக்கு எதுக்கும்மா?" என்றார் முதலாளி.

"நான் ஏறி வர்ற வழிங்க, ஐயா" என்றேன்.