நுனிப்பாறையில் விஜயன்

ஞாயிற்றுக்கிழமை தூண்டிலுக்கு இறால் நறுக்கிக் கொடுப்பது லோகேஸ்வரியின் வேலை. மலேசியாவின் கிள்ளானில் பள்ளிக் கேன்டீன் ஒன்றில் வாரமெல்லாம் வெங்காயம் அரிகிற கை. புருஷன் விஜயன் பக்கத்து ஊரான காப்பாரில் ஆலை இயந்திரச் சத்தத்துக்கு முக்கால்வாசிக் காதைக் கொடுத்தவர். போர்ட் டிக்சன் பக்கத்துப் பாறைக் கரையில் மீன் பிடிக்கப் போனால், தண்ணீர் ஏறும்போது தோளைத் தொட்டு இழுத்துவரக் கூட்டாளி ஜெயராஜ் இருப்பார். இந்த வாரம் ஜெயராஜுக்குக் காய்ச்சல்.

"நானும் வரேன்" என்று காரில் ஏறிக்கொண்டாள்.

அங்கே பாறைகள் ரொட்டித் துண்டுகளை நிறுத்தி அடுக்கினாற்போல் செங்குத்தாக நின்றன. சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாய். வந்தவர்கள் படம் பிடித்தார்கள். அவளுக்கு இடுக்குகள்தான் கண்ணில் பட்டன. கால் உள்ளே போனால் மாட்டிக்கொள்ளும்.

விஜயன் நுனிப்பாறையில் கடலைப் பார்த்து நின்றார். கரைக்கும் அந்தப் பாறைக்கும் நடுவே அவர் நடந்துபோன மணல் பள்ளம் முதலில் ஈரமானது. பிறகு மணலே தெரியவில்லை.

"ஏங்க! ப்ரியாப்பா!"

வேறு இரண்டு பேர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த இளைஞன் லோகன் ஓடிவந்தான். "ஆன்டி, அங்கிள் பேரு என்னா? நான் கூப்பிடுறேன்."

வாய் திறந்தது, பேர் வரவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று மாமியார் சொன்னதிலிருந்து ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம்.

"சொல்லுங்க லா! தண்ணி ஏறுது!"

"விஜயன்!" தொண்டை கிழியக் கத்தினாள். லோகனும் சேர்ந்து கத்தினான். நாலைந்து தடவைக்குப் பிறகே தலை திரும்பியது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போன லோகனின் கையைப் பிடித்துக் கரைக்கு வந்தார். ஓர் அலை பாறையில் மோதவிட்டதில் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

"ஊரே பாக்குது, பேர் சொல்லி அலறுற?"

"அங்கிள், கூப்பிடலன்னா இன்னிக்கு மீனு உங்களப் பிடிச்சிருக்கும்" என்றான் லோகன். விஜயன் சிரிக்கவில்லை.

வீட்டில் கட்டிலோரம் உட்கார்ந்து காலுக்கு மருந்து போட்டாள். தண்ணீர் மூடிய அந்தப் பள்ளம் இன்னும் கண்ணுக்குள் நின்றது. கேட்கிற காதுப் பக்கமாய் நகர்ந்து சொன்னாள்.

"இனிமே அந்தப் பாறைக்குப் போகமாட்டேன்னு சொல்லுங்க."

அவர் காயத்தையே பார்த்தார்.

"ஜெயராஜ் அண்ணன் வந்தாலும் சரி, போகாதீங்க. என்னால ஆகாது. சொல்லுங்க."

விஜயன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டியபடியே அறையை விட்டு வெளியே போனார்.