ஆஸ்பத்திரி முற்றத்தில் அண்ணன் ஆடிய சடுகுடு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அழுதுகொண்டே எழுதத்தான் உட்கார்ந்தேன். அண்ணனை நினைத்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது, பொறுத்தருள்க.

அண்ணன் கூலாய் என்னும் ஊரின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, பால்மரம் வெட்டிப் பாலெடுத்துத் தாயாரையும் என்னையும் காப்பாற்றினார். தம்பியான என்னைப் பள்ளிக்கும் அனுப்பினார். தம்பி படிக்காதது அவர் குற்றமன்று. ஞாயிறானால் சடுகுடு. அண்ணன் பாடிக்கொண்டு எல்லையைத் தாண்டினால் எதிரணி மூலைக்கு ஒதுங்கும்.

அண்ணியார் முழுகாமல் இருந்த சமயம், அண்ணன் ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தார். அடுத்த வாரமும் விழுந்தார்.

"வெயிலுதான்லா, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அண்ணியார் விடவில்லை. "பொறக்கப் போற புள்ளைக்கு அப்பா வேணும். கெளம்புங்க சிங்கப்பூருக்கு! தம்பி, நீங்களும் கூடப் போங்க."

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர், அண்ணனின் கைகால்களில் உப்புநீர்த் துணி சுற்றி, நெஞ்சின் துடிப்பைக் கோடாக எழுதும் இயந்திரத்தோடு இணைத்தார். படுத்திருந்தபோது கோடு ஒழுங்காக ஓடியது. படியில் ஏறி இறங்கச் சொல்லி மறுபடி எடுத்தார். அதுவும் ஒழுங்கு.

"பாத்தியாடா? வீட்டுக்குப் போலாம்" என்று அண்ணன் சட்டையைத் தேடினார்.

"பொறுங்கோ. விழேக்கை என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?" என்றார் டாக்டர்.

"சடுகுடு ஆடினேங்க."

"அப்ப அதையே ஆடுங்கோ."

எதிரணி நான்தான். முற்றத்தில் எல்லை கிழித்தோம். நோயாளிகள் சன்னலில் கூடிக் கைதட்டினார்கள். என்னைத் தொட அண்ணனுக்கு அரை மூச்சு போதும். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை தொட்டுக்கொண்டே இருந்தார். ஓடி வந்த நர்ஸ், நோயாளி நான்தான் என்று நினைத்து, தரையில் கிடந்த என்னைத் தூக்கினார்.

"அவரை விடுங்கோ, வருத்தக்காரர் மற்றவர்!" என்று டாக்டர் கத்தினார்.

இம்முறை கோடு தறிகெட்டுத் துள்ளியிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "இந்தத் துடிப்பு நீண்டால் நெஞ்சு நிண்டுபோம். பிறகு எழும்பமாட்டியள். ஆட்டத்தை விடுங்கோ."

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே ஓடும் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "எம்புள்ளைக்கு சடுகுடு யாருடா சொல்லிக் குடுப்பா?" என்றார்.

"நான் இருக்கேன்ல, அண்ணே."

"அலமாக், ஐயையோ! அதுக்கு நானே ஆடிச் செத்துடலாம்" என்று சொல்லி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

ஆனால் ஆடவில்லை. விசில் வாங்கிக்கொண்டு நடுவரானார். மகள் பிறந்தாள், அவர் விரலைப் பிடித்தே நடை பழகினாள். சென்ற ஆண்டு காய்ச்சல் அவரைக் கொண்டுபோனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த டாக்டருக்கும், நோயில் துணைநின்ற அண்டை வீட்டாருக்கும், அண்ணனின் கோணல் தீர்ப்புகளைப் பொறுத்துக்கொண்ட எல்லா அணிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மகளுக்கு அப்பாவின் முகம் நினைவிருக்கிறது; குரலும் நினைவிருக்கிறது. அதற்காக உங்கள் எல்லாரையும் கும்பிடுகிறேன்.