முதலில் நின்ற இடம்

திங்கள், பிற்பகல் 3.20. மதுரையிலிருந்து தேனி ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர். அங்கே பேருந்து மாறி, கம்பம் பள்ளத்தாக்கிற்குள் திராட்சைப் பந்தல்களை ஒட்டி மேலும் ஒரு மணி நேரம். நான் இறங்கிய ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஒருவருக்குத் தீங்கு நேரலாம்.

ஐந்து மாதங்களுக்கு முன் என் மகன் இந்த மலையில் இறந்தான். வயது முப்பத்து நான்கு; செடி நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தான். கேரளப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் மயங்கி விழுந்தவனைக் கூலியாட்களின் ஜீப்பில் கீழே கொண்டுவந்தார்கள். வந்து சேரும்போதே உயிர் இல்லை என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. வழியில் நேர்ந்த இறப்பு என்பதால் எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. என் மருமகள் மூன்று வயதுக் குழந்தையோடு சிங்கப்பூரில் இருக்கும் தன் பெற்றோரிடம் போக விரும்புகிறாள். தந்தையின் இறப்புச் சான்றிதழ் இன்றிக் குழந்தைக்குக் கடவுச்சீட்டு தர மறுக்கிறார்கள். நான் வந்தது அந்தச் சான்றிதழுக்காக.

பேரூராட்சி அலுவலகத்தின் பதிவு எழுத்தர் இளைஞர், பொறுமையானவர். "ஓடுற வண்டியில இறந்தா, வண்டி முதல்ல எங்கன நிக்குதோ அங்கன பதியணும் சார். கேரளா எல்லை செக்போஸ்ட்டுல நிக்கும்போது உயிர் இருந்துச்சுன்னா நம்ம ஊர். இல்லைன்னா அந்த ஸ்டேட்டு. டிரைவர் வந்து எழுதிக் குடுக்கணும். இறந்த இடம்ங்கிற கட்டத்தை நிரப்பாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது."

முப்பது ஆண்டுகள் நான் கல்லூரியில் பல நாட்டு நிர்வாக முறைகளை ஒப்பிட்டுப் பாடம் நடத்தியவன். சுவீடனில் மருத்துவரே வரித்துறைக்கு அறிவிக்கிறார், குடும்பத்தார் அலைவதில்லை. ஜப்பானில் ஒருவர் எங்கே இறந்தாலும் செய்தி அவருடைய குடும்பப் பதிவேட்டில் வந்து சேர்கிறது. நம் முறை மனிதனை விட்டுவிட்டு இடத்தைக் கேட்கிறது. காகிதத்தில் கேட்டதையே இப்போது திரையில் கேட்கிறது. எழுத்தருக்கு நன்றி கூறி எழுந்தேன்.

செவ்வாய், காலை 5.40. தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் கடைத்தெருவில் நின்றன. தேநீர் பதினைந்து ரூபாய். அன்று மகனை இறக்கிக் கொண்டுவந்த ஓட்டுநரைத் தேடிப்பிடித்து நான் யார் என்று சொன்னதும் பீடியைக் கீழே போட்டார். "ஏறுங்க அய்யா, போயிட்டே பேசுவம்" என்றார். எனக்காக முன்னிருக்கையில் இடம் ஒதுக்கினார்கள். பின்னால் பதினோரு பெண்கள், தூக்குச்சட்டிகளோடு.

மலையேறத் தொடங்கியதும் எனக்குப் பின்னால் இருந்த முதியவள் குரல் கொடுத்தாள்.

"ஏலே, நேத்து மாதிரி மூணாவது வளைவுல கண்ண மூடிறாத!"

"ஆத்தா, நீ பேசுற பேச்சுக்குப் பொணங்கூடத் தூங்காது."

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுநர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மூட்டமாக இருந்தது.

இரண்டு வளைவுகள் கழித்து அவளே என் தோள் பக்கமாகக் குனிந்தாள்.

"அய்யா, மறைக்கக் கூடாது. தம்பி தோட்டத்துலயே போயிருச்சு."

அவள் தொடர்ந்தாள்.

"முன்ன எங்க கூட்டத்துல ஒருத்தி மேல செத்தா. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி, போலீசு, பேப்பருன்னு மூணு நாளு. வந்து சேந்தப்ப மொகம் பாக்க முடியல. அதுலருந்து யாரு விழுந்தாலும் நடுவுல உக்கார வச்சு, கையப் பிடிச்சுப் பேசிக்கிட்டே எறக்கிருவோம். செக்போஸ்ட்ல எட்டிப் பாத்தாக. காச்சலு, தூங்குதுன்னேன். விட்டுட்டாக."

"அவனிடம் என்ன பேசினீர்கள்?"

"என்னத்தப் பேச? பேருகூடத் தெரியாது. வளைவு வருது தம்பி, நல்லாப் பிடிச்சுக்கன்னு ஒவ்வொரு வளைவுக்கும் சொன்னேன்."

மேலே அவர்கள் இறங்கியபோது நான் கைகூப்பினேன். அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் போய்விட்டாள்.

பிற்பகல் 2.15. ஓட்டுநர் சட்டை மாற்றிக்கொண்டு அலுவலகத்திற்கு வந்திருந்தார். உண்மையைச் சொன்னால் பதிவு அடுத்த மாநிலத்திற்குப் போகும். சடலத்தை எல்லை கடத்தியதாக அவர்மீது வழக்கு வரும். பின்னிருக்கையில் இருந்த பெண்ணையும் விசாரிப்பார்கள். நான் கற்பித்த சீர்திருத்தங்கள் எல்லாம் பதிவேட்டைத் திருத்தியவை. அதற்கு முதலில் செய்தி சொல்லும் மனிதர் என்ன அச்சத்தோடு வந்து நிற்கிறார் என்று ஒரு வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

"செக்போஸ்ட்ல வண்டி நின்னப்ப உயிர் இருந்துச்சா?" என்றார் எழுத்தர்.

ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.

"இருந்ததாகத்தான் என்னிடமும் சொன்னார்" என்றேன்.

"அவரு சொல்லணும் சார்."

"இருந்துச்சு சார்" என்றார் ஓட்டுநர், மேசையைப் பார்த்தபடி.

தகவல் கொடுப்பவராக அவர் கையெழுத்திட்டார், உறவினராக நான். தாமதப் பதிவுக்கான அனுமதியை முன்பே வாங்கியிருந்ததால் சான்றிதழ் நான்கு மணிக்குக் கிடைத்தது. வாசலில் ஓட்டுநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தேன்.

புதன், காலை 9.00, மதுரை. மருமகள் தாளை இருமுறை படித்தாள். விரல் இறந்த இடம் என்ற வரியில் நின்றது.

"மாமா, கீழ வர்ற வரைக்கும் உயிரோட இருந்தாரா?"

"இருந்தான்" என்றேன்.

"பேசினாராமா?"

"பக்கத்தில் ஒரு அம்மாள் பேசிக்கொண்டே வந்தார்களாம். கேட்டுக்கொண்டிருந்தானாம்."