கேள்வி கேட்டவளுக்குக் கைதட்டல்

காலை பதினொன்று பத்து. வகுப்பறையில் முதலில் என் கண்ணில் பட்டது புது ஸ்மார்ட் போர்டு. அதன் கீழே, அதை அன்பளிப்பாகக் கொடுத்த கல்குவாரி முதலாளியின் பெயர். அவரே முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான் நிலவியல் ஆராய்ச்சியாளர். கடலுக்கடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் நழுவி இறங்கும் பிளவுகளைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. ஆனால் பாடம் நடத்துவதென்றால் எனக்கு உயிர். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமப் பள்ளியில் கூப்பிட்டதும் ஓடிவந்தேன். இரண்டு சப்பாத்திகளை வைத்து, ஒன்றை இன்னொன்றின் அடியில் தள்ளி, பூமி ஏன் அதிர்கிறது என்று காட்டினேன்.

ஒரு சிறுமி எழுந்தாள். "மிஸ், எங்க வூடுகூட தெனமும் ஆடுது. சுவுரெல்லாம் விரிஞ்சிக்கினு கீது. அதுவும் தட்டுதானா?"

"இல்லம்மா, அது குவாரியில வைக்கிற வெடி" என்றேன்.

"தட்டு இல்லடி, வேட்டு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது.

நல்ல கேள்வி கேட்டவரை முன்னால் அழைத்து, தன் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லவைத்துக் கைதட்டச் செய்வது என் வழக்கம். அவளையும் அழைத்தேன்.

"எங்கப்பா பேரு செல்வம். குவாரிலதான் லாரி ஓட்றாரு" என்றாள் பெருமையாக. எல்லோரும் கைதட்டினோம். முதலாளியும் தட்டினார்.

கிளம்பும்போது தலைமையாசிரியர் தணிந்த குரலில் கேட்டார்: "பேரெல்லாம் இன்னாத்துக்கு மேடம் கேட்டீங்க? அவுரு மூஞ்சியப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பல மைல் ஆழத்தில் பாறை எப்படி உடைகிறது என்று படித்தவள், எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைக் கணக்கில் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை செல்வம் வேலைக்குப் போனபோது, அவருடைய லாரியை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.